மக்கு என்று சொன்னது யார்?

எழுத்து குழம்பிப்போற பிள்ளை, காது கேக்காத பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை – எல்லாருக்கும் வகுப்பறை வைத்திருக்கிற ஒரே பேர் ‘மக்கு’. சேரிப்பிள்ளை என்றால் கூடவே ‘அதுங்களுக்குப் படிப்பு ஏறாது’. குறையைச் சாதிக்கணக்கில் எழுதிவிட்டால் பரிசோதனை வேண்டாம், சிறப்பாசிரியர் வேண்டாம், செலவும் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. 5 ஆண்டுக்கொருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடப்பு என்ன? ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம். தொகுப்பூதியச் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். மையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகிற தாய்க்கு அன்றைய கூலி போச்சு.

நாம் சலுகை கேக்கல. பிள்ளை இருக்கிற இடத்துக்குச் சேவை வரட்டும். தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய்க் கேளுங்கள்: கணக்கெடுப்பு எங்கே? சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. மனு எழுத நம்ம மாணவர்களும் இருக்காங்க.