முற்றத்துத் தேன்பெட்டி

எங்கள் ஊரின் பழைய பெயர் தொடுவெட்டி. பிறகு அது மார்த்தாண்டம் ஆனது. அந்தப் பெயரோடு தேனும் ஒட்டிக்கொண்டது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டோமோ என்று எனக்குப் படுகிறது.

கே.டி.பால் முன்னின்று தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்றப் பணி 1920-களில் இங்கே வேரூன்றியது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் அதை நடத்தினார். அங்கிருந்துதான் தேன்பெட்டி வீடுகளுக்குப் பரவியது. அதற்கு முன் தேன் எடுப்பதென்றால் பொந்தில் புகை போட்டு, அடையைப் பிடுங்கிப் பிழிவதுதான், கூடே அழிந்துபோகும். சட்டம் வைத்த மரப்பெட்டி வந்தபின், தேனை மட்டும் எடுத்துக்கொண்டு அடையைத் தேனீக்களுக்கே திருப்பிக் கொடுக்க முடிந்தது. 1937-இல் தேனீ வளர்ப்போருக்கென்று கூட்டுறவுச் சங்கமும் வந்தது. பெட்டி வைக்கப் பெரிய விளை வேண்டாம், நாலு சென்ட் முற்றம் போதும் என்பதால் ஏழை வீட்டிலும் கொஞ்சம் காசு புரண்டது.

எங்கள் வீட்டுச் சக்கை மரத்தடியிலும் நாலு பெட்டி இருந்தன. எறும்பு ஏறாமலிருக்க, கால்களுக்கு அடியில் சிரட்டை வைத்து நீர் நிரப்புவது என் வேலை. ஒரு நாள் மறந்து, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

1991-92-இல் தாய்லாந்து வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் நீர் கோத்த பைபோலாகிச் செத்தன. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எங்கள் பெட்டிகள் கடைசியில் அடுப்புக்குத்தான் போயின.

தொழில் எப்படி மீண்டது? நோயைத் தாங்கிப் பிழைத்த கூடுகளிலிருந்து. பெட்டியில் தப்பியவை சில. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் யாரும் வளர்க்காமலே இருந்தவை சில. அவற்றைப் பிடித்துப் பெருக்கித்தான் மறுபடி பெட்டிகள் நிறைந்தன.

என் கவலை இங்கேதான். இன்றைய தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்தில் கிடைப்பது. தை, மாசியில் தளிர்க்கும் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு அது; பூவில் வருவதல்ல. அதைத் தேடிப் பெட்டிகள் லாரி ஏறிக் கேரளம்வரை போகின்றன. ரப்பர் நமக்குச் சோறு போடுகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தளிர்ப் பருவம் முடிந்தபின் அந்தத் தோட்டத்தில் தேனீக்கு என்ன இருக்கிறது? மழைக்காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். புளி, புன்னை, அயனி என்று பொந்து விழுந்த பழைய மரங்களையும் வீடு கட்ட வெட்டிவிட்டோம். கல் கையாலைகள் சிமென்ட் மதில்களாகிவிட்டன. தப்பித் தவறி ஒரு கூடு கட்டினால், மண்ணெண்ணெய்ப் பந்தம்.

நாளை இன்னொரு நோய் வந்தால், பிடித்துப் பெருக்க எந்தப் பொந்தில் தேனீ இருக்கும்? புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும், தேனீயைக் காக்காது.

இதை வாசிக்கிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். பேரப்பிள்ளைகள் அடுத்த மனையில் வீடு கட்டும்போது, மூலையில் நிற்கும் பொந்து மரத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முற்றத்தில் ஒரு பெட்டி வையுங்கள். சிரட்டையில் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பேரனிடம் கொடுங்கள். அவன் மறந்தால், என் அப்பாவைப்போல் இரண்டு வார்த்தை திட்டவும் செய்யலாம்.