பெருங்குழல் பெருமை

பெரிய தோட்டாவே விலங்கின்மீது காட்டும் கருணை என்பது துப்பாக்கிப் பிரியர்கள் ஓயாது ஓதும் மந்திரம். தமக்கென்று போல்ட் ஆக்ஷன் ரைபிள் ஒன்றைச் செய்விக்க விரும்புவோர் .375 போதுமா, .416 வேண்டுமா, .458தான் வேண்டுமா என்று மாதக்கணக்கில் வாதிடுகின்றனர். குண்டு பெரிதானால் விலங்கு துடிக்காமல் சாகுமாம். இந்தக் கருணை எங்கள் மலையகத்தில் என்ன செய்தது என்பதை அவர்கள் அறிவது நன்று.

சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்தவர். 1854இல் வெளியான தம் வேட்டை நூலில் கனத்த குண்டின் மேன்மையை வலியுறுத்தியவர். பிரிஸ்டல் நகரின் கிப்ஸிடம் அவர் சொல்லிச் செய்வித்த ரைபிளின் எடை 21 இறாத்தல். அதன் குண்டு 4 அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 113 கிராம். அவருக்கு முன்னே, மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் உள்ளது. யானைகளை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியபின், அவை வேதனையின்றி இறந்தனவா என்று குழலின் விட்டத்தை அளப்பதில் என்ன அறம் இருக்கிறது?

அறத்தை விடுவோம்; தொழில்நுட்பமாவது இவர்கள் பக்கம் நிற்கிறதா? 1911இல் றிக்பி நிறுவனம் மௌசர் வகை ரைபிளுக்கென .416 தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு ஏறத்தாழ 27 கிராம். பேக்கருடையதில் நாலில் ஒரு பங்கு. எனினும் புகையற்ற வெடிமருந்தின் வேகமும், உலோக உறை போர்த்த ஒடுங்கிய வடிவமும் அதனை ஆழமாகச் செலுத்தின. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்திய ஸ்கொட்லாந்துக்காரர் பெல், பெரும்பாலும் பயன்படுத்தியது வெறும் 7 மி.மீ. தோட்டாவை. பாய்ந்துவரும் எருமையைக் கிட்டத்தில் நிறுத்தவேண்டிய வனக் காவலருக்குப் பெருந்தோட்டா தேவை, மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது தோளை இடிக்கும் உதைப்பு. உதைப்புக்கு அஞ்சிய கை குறி தவறும். குறி தவறினால் காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் கிடந்து சாகும். கருணை அங்கேயே முடிந்தது.

அன்று யானைகள் நடமாடிய ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானைக் கூட்டம் இல்லை. தோட்டா மட்டுமே காரணம் என்பது மிகை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு அழிக்கப்பட்டது. யானையைக் கொன்றவருக்கு அரசு சன்மானமும் கொடுத்தது. காட்டை வெட்டிய கைகள் எம் முன்னோருடையவை. வெட்டச் சொன்னவர்கள் துரைமார். பொழுதுபோக்காக வேட்டையாடியவர்களும் அவர்களே.

2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கி, சில நாட்களில் இறந்தது. அத்தகைய சாவுகளின்போது விரல்கள் உடனே லயத்தை நோக்கி நீளும். சுருக்கு வைப்பது குற்றம்தான், தண்டிக்கட்டும். ஆனால் ஏழையின் கம்பி கொடுமை, கனவானின் துப்பாக்கி மரபுச் செல்வம் என்ற இரட்டை நியாயத்தை நான் ஏற்கமாட்டேன்.

எந்தத் தோட்டா நல்லது என்று கேட்பவர்களே, எதைச் சுட, எதற்காக என்று முதலில் சொல்லுங்கள். அதற்கு நேர்மையான விடை இருந்தால் தோட்டாவைத் தெரிவது பத்து நிமிட வேலை. விடை இல்லையென்றால் எத்தனை பெரிய குழலாலும் அந்த வெறுமையை அடைக்க முடியாது.