பேசமாட்டாதார்க்குப் பேசுவோர்

குழவிகளைக் காத்தல் வேண்டுமென்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், ஆண்டில் முதிர்ந்தும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதார் நம்மிடையே பலர் உளர். அவரைக் காப்பவர் யாவர்? காப்பவரைக் கண்காணிப்பவர் யாவர்? இவ்வினாக்களைக் கல்லூரி மாணாக்கராகிய நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் ஒருவர்க்கு 18 ஆண்டு நிரம்பியதும் அவர் முழு உரிமையுடையார் ஆகின்றார். நமக்கு அந்நாள் மகிழ்ச்சி தருவது. அறிவு வளர்ச்சி குன்றிய மகனைப் பெற்ற தாய்க்கோ அந்நாள் புதியதொரு கவலையைக் கொணர்கின்றது. அதுகாறும் அவனுக்கு இயல்பாகவே பாதுகாவலராயிருந்த பெற்றோர், அன்று முதல் சட்டப்படி அவ்வுரிமையை இழக்கின்றனர். அவன்பொருட்டு வங்கியிற் கையெழுத்திடவும், அவனுக்குரிய நிலத்தைக் காக்கவும் அவர் முறைப்படி நியமனம் பெறுதல் வேண்டும்.

இக்குறையை நீக்கவே 1999ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பெற்றது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்னும் நான்கனுள் ஒன்றனை உடையார்க்கு அஃது உரியது. அதன்படி அமையும் உள்ளூர்க் குழுவில் உறுப்பினர் மூவர். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அரசு அலுவலர் ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் அல்லது பெற்றோர் சங்கம் போன்றதோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பாதுகாவலர் வேண்டுமென விண்ணப்பம் வருங்கால், அவர் உண்மையிலேயே தேவைதானா, தேவையாயின் எக்காரியங்களுக்கு என இம்மூவரும் ஆராய்கின்றனர். நியமனம் பெற்றவர் 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலை ஒப்புவித்தல் வேண்டும். நிதியாண்டு முடிந்த 3 மாதத்திற்குள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுதல் வேண்டும். அவர் கொடுமை இழைப்பினும், பொருளைக் கையாடினும், அவரை நீக்குமாறு பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற அமைப்போ முறையிடலாம்.

இம்மூவருள் நடுநின்ற ஒருவரைப் பற்றியே யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம். ஆட்சியர் சட்டம் அறிந்தவர். ஆயின் ஆயிரம் அலுவல்களுக்கிடையே இதனையும் நோக்குபவர். இன்று ஈண்டிருந்து நாளை வேறு மாவட்டம் செல்பவர். மாற்றுத்திறனாளி உறுப்பினர் குறைபாட்டோடு வாழ்தலின் அருமையைத் தம் வாழ்வால் அறிந்தவர். தொண்டு அமைப்பின் பிரதிநிதி கொண்டுவருவது யாது? எந்தத் தெருவில், எந்த வீட்டின் பின்கட்டில், யார் அடைபட்டுக் கிடக்கின்றார் என்னும் செய்தியே அவர் கொணரத்தக்கது. அதனை அவர் கொணராவிடின் அவரது இருக்கை நிரம்பியும் வெறிதே.

‘குடும்பத்துக் காரியங்களில் புறத்தார் புகுதல் தகாது, அரசு அலுவலரே போதும்’ என்பார் சிலர். அவர்க்கு ஏர்வாடியை நினைவூட்ட விரும்புகின்றோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் அவர்கள் ஓடித் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுட் பலரை ஆங்குக் கொணர்ந்து விட்டவர் குடும்பத்தாரே. அவ்வூர்த் தர்காவிற்குப் பல திசையினின்றும் மக்கள் வந்து போயினர். சங்கிலியைக் கண்டவர் இலர் என்றல் இயலாது. கண்டதை உரிய இடத்திற் கூறுதல் தம் கடனென்று கொண்டவரே இலராயினர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாவட்ட அளவில் அமையும் மறுஆய்வு வாரியங்களில் இரண்டு இடங்களை மனநோயுற்றார்க்கோ, அவரைப் பேணுவார்க்கோ, அவர்தம் அமைப்புகளின் அல்லது அத்துறைத் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகட்கோ ஒதுக்கியிருக்கின்றது. கண்டார் கூறுதற்கு ஓரிடம் வேண்டும் என்பதனை இவ்வாறு சட்டமும் ஒப்புக்கொண்டது.

செல்வமும் சட்டமும் மிக்க நாடுகளிலும் நிலை இதுவே. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரையடுத்த வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் அறிவுக் குறைபாடுடையார் அடியும் உதையும் பட்டனர். ஆங்குப் பணிபுரிந்த செவிலியர் ஒருவர் முன்னரே முறையிட்டும் கேட்டாரிலர். 2011ஆம் ஆண்டில் பி.பி.சி. மறைகாமிராவாற் படம்பிடித்துக் காட்டிய பின்னரே உலகம் விழித்தது. அடுத்த ஆண்டில் பதினொருவர் தண்டனை பெற்றனர். 2014ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றிய பராமரிப்புச் சட்டம் வயதுவந்தோர் காப்புக் குழுக்களைக் கட்டாயமாக்கிற்று. எனினும் உள்ளாட்சி மன்றம், அரசு மருத்துவத்துறை, காவல்துறை ஆகிய மூன்றன் சார்பினரே அவற்றிற் கட்டாய உறுப்பினர். தொண்டு மன்றங்களை அழைத்துக்கொள்ளலாம், அழைத்தே தீரவேண்டும் என்பதில்லை. நம் 1999ஆம் ஆண்டுச் சட்டமோ அவ்விடத்தை உரிமையாகவே வழங்கியிருக்கின்றது. பெற்ற உரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே வினா.

ஈண்டு எம் குற்றம் ஒன்றனையும் மறையாது கூறுதல் தகும். சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் மாணவர் சிலர் சேர்ந்து, குறைபாடுடையார் வாழும் இல்லம் ஒன்றற்குச் சென்றிருந்தோம். பாடினோம், ரொட்டியும் புடவையும் வழங்கினோம். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் எம்மில் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு ஓர் ஊரின் பெயரையே திரும்பத் திரும்பக் கூறினார். பணியாள் வந்து கையை விடுவித்து, ‘அது எப்பவும் இப்படித்தான் சொல்லும்’ என்றார். இலக்கண வகுப்பில் திணைவழுவுக்கு மதிப்பெண் இழக்கும் யாம், அன்று அவ்வழுவைச் செவியாரக் கேட்டும் வாளா இருந்தோம். உவப்பினால் வந்ததென அதனை அமைத்துக்கொள்ளவும் இயலவில்லை. அவ்வூரில் யார் இருக்கின்றனர், அவர் ஆங்குச் செல்ல விரும்புகின்றாரா என எவரும் வினவவில்லை. வருகைப் பதிவேட்டில் மகிழ்ச்சியோடு திரும்பியதாக எழுதிவிட்டு வண்டியேறினோம். அன்று அவ்வூரின் பெயரைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. இன்று அது நினைவிலும் இல்லை.

தொண்டு மன்றங்களுக்கு நேரும் இடர் இதுவே. கொடுத்தலை அவை நன்கு அறியும், கேட்டலை மறந்துவிடும். பிரதிநிதியாய் அமர்ந்தவர்க்கோ இன்னும் இரண்டு இடர்கள் உள. தம் நிறுவனத்தையன்றி ஏனையவற்றை மறத்தல் ஒன்று. மாவட்டத்திற் பத்துச் சங்கங்கள் இருப்பின் அவர் பத்திற்கும் நா ஆதல் வேண்டும். சங்கமே இல்லாத மலையூர்த் தாய்க்கும் நா ஆதல் வேண்டும். மற்றொன்று இதனினும் கொடிது. குறைபாடுடையார் பலர் தொண்டு நிறுவனங்களின் இல்லங்களிலேயே வாழ்கின்றனர். அவ்வில்லத்தின் மீதே முறையீடு எழுமாயின், அதனை நடத்துபவரே குழுவில் அமர்ந்து தீர்ப்புக் கூறல் யாங்ஙனம் நடுவுநிலை ஆகும்?

இதற்கு வழிகாட்ட நம் நாட்டிலேயே பழைய சான்றொன்று உளது. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு 30 குடும்புகளினின்றும் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த முறையை விளக்குகின்றன. முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர் என அவை விதித்தன. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவரே அவ்வாரியங்களில் அமர்ந்தனர். எளியார்க்கு ஆங்கு இடமில்லை. அக்குறையை நாம் பின்பற்றற்க. கணக்குக் காட்டாதான் அமரற்க என்னும் அவ்விதியை மட்டும் கைக்கொள்க.

ஆகவே யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, பிரதிநிதி ஒவ்வொரு கூட்டத்திற்கும் முன்னர் மாவட்டத்துச் சங்கங்களை ஒருங்கழைத்து அவர்தம் குறைகளைக் கேட்டறிக. இரண்டாவது, யார்பொருட்டு விண்ணப்பம் வந்ததோ அவரையே, அவர் வாழும் இடத்திற் சென்று காண்க. சொல்லாற் கூற இயலாதவர் முகத்தாலும் கையாலும் கூறுவதைப் பொறுமையோடு அறிக. மூன்றாவது, தம் நிறுவனத்தைப் பற்றிய வழக்கு வருமாயின், தம் தொடர்பை வெளிப்படையாகக் கூறி அவ்வாராய்ச்சியினின்றும் விலகுக. நான்காவது, குழு மும்மாதத்திற்கு ஒருமுறையேனும் கூடவேண்டுமெனச் சட்டம் கூறுதலின், கூட்டம் முடிந்ததும் தனி மனிதர் பெயரை மறைத்து, நடந்ததைச் சங்கங்களுக்கு உரைக்க. உறுப்பினர் பதவி 3 ஆண்டுக்கு உரியது. அது முடிந்ததும் மற்றொரு சங்கத்தார்க்கு வழிவிடுதலும் நன்றாம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. மாவட்டந்தோறும் கல்லூரிகள் உள; கல்லூரிதோறும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் உளர். சங்கங்களின் பட்டியலைத் தொகுத்தல், 18 வயது நிரம்பியவரின் பெற்றோர்க்கு இச்சட்டத்தை எடுத்துரைத்தல், விண்ணப்பம் நிரப்பத் துணைசெய்தல் ஆகியன நம்மால் இயலும். பழைய மாணவருள் வழக்கறிஞரும் மருத்துவரும் அரசு அலுவலரும் பலராவர். அவர் திங்களுக்கு ஒருநாள் உதவினும் பெரும்பயன் விளையும்.

நாவன்மை பெறுதற்கே தமிழ் பயில்கின்றோம் என்பார் உளர். யாமும் சொற்போர் மேடைகளிற் பரிசு பெற்று மகிழ்ந்ததுண்டு. ஆயின், பேசவல்லார் தம்பொருட்டே பேசுதலில் பெருமை என்னை? பேசமாட்டாதார் கருத்தைச் செவியாற் கொண்டு, உரிய அவையில் பிழையாது உரைத்தலே கற்ற நாவுக்கு அழகு. வருகின்ற கிறிஸ்துமஸ் நாளில் அவ்வில்லத்திற்கு மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். இம்முறை அப்பெண்மணி கூறும் ஊரின் பெயரை எழுதிக்கொண்டு வருவோம். அதனை எங்கே சென்று கூறுதல் வேண்டுமென்பதும் இப்பொழுது எமக்குத் தெரியும்.