நூற்றைம்பது இருக்கைகளுக்குக் கீழே

பயணிகள் ஜெட் விமானச் சந்தையின் பெரும்பகுதி இன்று ஏர்பஸ், போயிங் ஆகிய இரு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அவற்றின் ஏ320, 737 வகை விமானங்களுக்கு இப்போது ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த நெரிசலைக் காணும் முதலீட்டாளருக்கு, இருவரையும் எதிர்த்து நிற்கும் சிறிய தயாரிப்பாளரின் பங்கை வாங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பே. அப்படித் தோன்றும்போது கனடாவின் பம்பார்டியரையும் பிரேசிலின் எம்ப்ரேயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் நல்ல விமானத்தைச் செய்த நிறுவனமே முதலீட்டாளருக்கும் நல்லது செய்யும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போனது.

பம்பார்டியர் 2008இல் தொடங்கிய சி சீரிஸ் திட்டம், 100 முதல் 150 இருக்கைகள் வரையிலான இடத்தைக் குறிவைத்தது. வரிசைக்கு ஆறு இருக்கைகளுக்குப் பதில் ஐந்து வைத்ததால் விமானத்தின் உடல் ஒடுங்கி எடை குறைந்தது. அதைவிட முக்கியமானது பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பற்சக்கர இஞ்சின். பெரும்பாலான ஜெட் இஞ்சின்களில் முன்புறமுள்ள பெரிய விசிறியும் பின்னாலிருந்து அதை இயக்கும் டர்பைனும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. விசிறிக்கு அந்த வேகம் அதிகம், டர்பைனுக்கோ அது போதாது. இரண்டுக்கும் இடையே பற்சக்கரப் பெட்டியை வைத்துவிட்டால், ஒவ்வொன்றும் தனக்கு உகந்த வேகத்தில் சுழல, எரிபொருளும் மிச்சமாகிறது, இரைச்சலும் அடங்குகிறது.

ஆனால் இஞ்சின் பம்பார்டியரின் சொந்தச் சரக்கன்று. அதே நிறுவனத்தின் அதே வகை இஞ்சினைப் பொருத்தி ஏ320நியோவைத் தருவதாக ஏர்பஸ் 2010 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டே போயிங் 737 மேக்ஸை அறிவித்தது. புதிய இஞ்சினால் சி சீரிஸுக்குக் கிடைத்திருந்த முன்னிலையில் பெரும்பங்கு, அது முதன்முதலாகப் பறந்த 2013க்கு முன்பே கரைந்துவிட்டது. ஏற்கெனவே ஏ320 ஓட்டும் விமான நிறுவனத்துக்கு விமானிகளின் பயிற்சி, உதிரிபாகக் கிடங்கு, பழுது பார்க்கும் ஆட்கள் என எல்லாமே தயாராக இருக்கும்போது, விலையிலும் பெரியவர் தள்ளுபடி தந்தால் அந்நிறுவனம் புதியவரிடம் போக வலுவான காரணம் வேண்டும்.

இதற்கிடையே பணம் கரைந்துகொண்டிருந்தது. விமானத் தயாரிப்பில் செலவு முதலில் வருகிறது, வரவு பிறகு வருகிறது. வாங்குபவர் தொகையின் பெரும்பகுதியை விமானம் கைக்கு வரும்போதுதான் செலுத்துகிறார், தொழிலாளர் கை பழகும்வரை முதல் விமானங்கள் ஒவ்வொன்றும் விற்ற விலையைவிடக் கூடுதல் செலவை இழுக்கின்றன. சுமார் 340 கோடி டாலரில் முடியும் என்று போட்ட மதிப்பீடு 500 கோடியைத் தாண்டியது. 2015இல் கியூபெக் மாகாண அரசு 100 கோடி டாலர் தந்து திட்டத்தில் 49.5 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள முன்வந்தது. வேலைவாய்ப்பைக் காக்க அரசு போட்ட பணத்தை, லாபத்துக்காகப் போட்ட முதலீடு என்று கணக்கிட்டது கியூபெக்கின் தவறு என்றே சொல்ல வேண்டும்.

2016இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 75 விமானங்களுக்கு உறுதியான ஆர்டர் கொடுத்ததும் போயிங் விழித்துக்கொண்டது. அரசு மானியத்தால் அடக்க விலைக்கும் கீழே விற்கப்படுகிறது என்று அது 2017இல் தொடுத்த புகாரின்பேரில், அமெரிக்க வணிகத் துறை ஏறத்தாழ 300 விழுக்காடு வரி விதிக்க முனைந்தது. அந்த நெருக்கடியில் பம்பார்டியர் ஏர்பஸ்ஸிடம் போயிற்று. ரொக்கமாக எதுவும் தராமலேயே ஏர்பஸ் திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. 2018 ஜனவரியில் அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையம் ஒருமனதாக பம்பார்டியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் பயனில்லை, கடிவாளத்தைக் கைமாற்ற ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஏ220 என்று பெயர் மாறிய அந்த விமானம் இன்று பயணிகளின் பாராட்டைப் பெறுகிறது. பம்பார்டியரோ 2020இல் எஞ்சிய பங்குக்கு 59.1 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறியது. கியூபெக் தன் முதலீட்டின் பெரும்பகுதியைக் கணக்கில் தள்ளுபடி செய்தது.

1969இல் பிரேசில் அரசால் தொடங்கப்பட்டு 1994இல் தனியார்மயமான எம்ப்ரேயர், இந்த மோதலைப் பெரும்பாலும் தவிர்த்தது. அதன் ஈ-ஜெட் வரிசையின் மிகப் பெரிய விமானமே 146 இருக்கைகளோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் விமானிகள் சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவற்றுக்காகக் குறுந்தூர வழித்தடங்களில் பறக்கும் ஒப்பந்த நிறுவனங்கள் 76 இருக்கைகளுக்கு மேலும், குறிப்பிட்ட எடைக்கு மேலும் உள்ள விமானங்களை ஓட்டக் கூடாது. அந்த வரம்புக்குள் அடங்கும் ஈ175, பழைய இஞ்சினோடு இன்றும் விற்பனையாகிறது. எரிபொருள் சிக்கனமான அதன் புதிய வடிவமோ எடை கூடியதால் முடங்கிக் கிடக்கிறது. தொழில்நுட்பத்தைவிடச் சங்க ஒப்பந்தத்தின் ஒரு விதி சந்தையை வகுக்கிறது என்பது பங்கு வாங்குவோர் பலருக்குத் தெரியாத செய்தி.

பயணிகள் விமானப் பிரிவின் 80 விழுக்காட்டை 420 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்ட போயிங், 2020 ஏப்ரலில் பின்வாங்கியபோது எம்ப்ரேயரின் கதை முடிந்தது என்றே பலர் கருதினர். அவ்வாண்டு நியூயார்க் சந்தையில் 5 டாலருக்கும் கீழே இறங்கிய அதன் பங்கு, 2025இல் 50 டாலரைத் தாண்டியது. ஆயினும் இந்த ஏற்றத்தைப் பெரியவர்களை எதிர்த்ததற்குக் கிடைத்த பரிசாக எண்ணக் கூடாது. செல்வந்தர்கள் வாங்கும் சிறிய வணிக ஜெட்டுகளும், நெதர்லாந்து, தென் கொரியா போன்ற நாடுகள் தேர்ந்தெடுத்த சி-390 ராணுவப் போக்குவரத்து விமானமும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

ஏர்பஸ்ஸும் போயிங்கும் ஆர்டர்களை முடிக்கத் திணறும் இந்த நேரத்தில், எம்ப்ரேயர் 150 இருக்கைகளைத் தாண்டிய விமானத்தைச் செய்ய வேண்டும் என்ற குரல் வலுக்கிறது. அப்படி ஒரு முடிவை அந்நிறுவனம் எடுத்தால், அன்று பங்கு விலை ஏறவே கூடும். ஆனால் பங்குதாரர்கள் அன்றுமுதல் வைத்திருப்பது வேறொரு நிறுவனத்தின் பங்காக இருக்கும், அதன் செலவுக் கணக்குக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய முன்மாதிரி சி சீரிஸ்தான்.