திரும்பி வந்த கட்டுரை

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து வாசகசாலையை அடைக்கும் வேளையில், ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் தம் மகளுடன் வந்து நின்றார். மகள் குமுளியிலிருந்து மலையிறங்கிச் சென்று, தேனி மாவட்டத்துக் கல்லூரியொன்றில் தாவர இயலில் ஆராய்ச்சி செய்பவள். தாயார் வேலை செய்யும் தோட்டத்திலேயே அமர்ந்து, ஏலப் பூக்களை நாடி வரும் தேனீக்களை இரண்டு பருவங்கள் எண்ணிக் குறித்தவள். அந்த உழைப்பைக் கட்டுரையாக்கி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். நான்கு திங்கள் கழித்து அது திரும்பி வந்துவிட்டது.

"ஐயா, திருப்பி விட்டுட்டாங்களாம். பிள்ளை ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. வேற ஒரு பத்திரிகைக்காரங்க பதினஞ்சாயிரம் கட்டினா ஏழே நாள்ல போட்டுத் தர்றோம்னு எழுதியிருக்காங்க. சீட்டுப் பணம் கையில இருக்கு. கட்டிறலாமா?" என்றார் அம்மையார்.

அவருக்கு அன்று நாம் கூறிய மறுமொழியையே இத்திங்கள் நேயர்களுக்கும் கூற விரும்புகிறோம். இம்மலைப் பகுதியில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று பட்ட வகுப்பையும் கடந்து ஆராய்ச்சிக்குச் செல்கின்றனர். இத்தகைய கடிதத்தை அவ்வீடுகளில் இதற்கு முன் எவரும் கண்டதில்லை. ஆதலின், 'திருப்பி விட்டார்கள்' என்ற சொல் 'தோற்றுவிட்டாய்' என்றே காதில் விழுகிறது.

கடிதத்தை வாங்கிப் படித்தோம். கட்டுரையை ஏற்க இயலாது என்று அதில் இல்லை; திருத்தி மீண்டும் அனுப்புக என்றே இருந்தது. மதிப்பீட்டாளர் இருவர் தம் வினாக்களை அடுக்கியிருந்தனர். எத்தனை செடிகளைக் கவனித்தீர்கள்? நாளின் எந்த நேரத்தில்? மழை நாட்களைக் கணக்கில் சேர்த்தீர்களா, விட்டீர்களா? இவை போன்ற பதினொரு வினாக்கள்.

"இவற்றிற்கெல்லாம் விடை உண்டா, அம்மா?" என்று மகளைக் கேட்டோம்.

"எல்லாம் நோட்டுல இருக்கு சார்."

"கட்டுரையில் இருக்கிறதா?"

அவள் பேசவில்லை. அப்போது நாம் அவளுக்குக் கணித மேதை இராமானுஜனின் முதற் கட்டுரையைப் பற்றிச் சொன்னோம்.

1911ஆம் ஆண்டில் இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், வேலையில்லாதவர், இராமச்சந்திர ராவ் என்ற கலெக்டர் மாதந்தோறும் அளித்த 25 ரூபாயில் சென்னையில் காலம் தள்ளியவர். அவ்வாண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகைக்குத் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பினார். பெர்னூலி எண்கள் என்பவற்றின் இயல்புகளைப் பற்றியது அது. பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் பெங்களூரில் கணிதப் பேராசிரியரான நாராயண ஐயங்கார். கட்டுரையின் ஆற்றல் அவருக்குத் தெரிந்தது. ஆயினும் படிப்பவர் பின்தொடர முடியாதபடி அதில் படிகள் விடுபட்டிருந்தன. எழுதியவரிடம் அதைத் திருப்பி அனுப்பினார். ஒரு முறையன்று, மும்முறை அக்கட்டுரை இருவருக்கும் இடையே சென்று வந்தது. அதன் பின்னரே, அவ்வாண்டின் இறுதியில், அச்சேறியது.

படிகள் ஏன் விடுபட்டன? தாள் வாங்கப் பொருளின்றி இராமானுஜன் சிலேட்டில் கணக்கிடுவார். எழுதியதை முழங்கையால் அழித்துவிட்டு மேலே செல்வார். முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். அழிந்த படிகள் அவர் உள்ளத்தில் இருந்தன. படிப்பவனுக்கோ தாளில் உள்ளது மட்டுமே தெரியும். நாராயண ஐயங்கார் கேட்டது அந்தப் படிகளைத்தான். அவர் பொறுமையோடு கேட்டார். இவர் பொறுமையோடு எழுதினார். இருவரில் ஒருவர் சலித்திருந்தாலும் அக்கட்டுரை அன்று வெளிவந்திராது. 1918இல் இலண்டன் ராயல் கழகம் இராமானுஜனைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மும்முறை திரும்பியது அவருக்கு இழுக்காகவில்லை.

நம் பெண்ணின் நிலையும் இதுவே. அவளுடைய சிலேட்டு அவளுடைய நோட்டு.

ஆகவே, கட்டுரை எழுதப் புகும் பிள்ளைகள் மனத்திற் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, எழுதுவதற்கு முன்னரே பத்திரிகையைத் தேர்ந்து, அதன் பழைய இதழ்களைப் படித்து, தம் பொருள் அங்கே இடம் பெறத்தக்கதா என்று காண வேண்டும். பொருள் பொருந்தாத கட்டுரையை ஆசிரியர் மதிப்பீட்டாளருக்கே அனுப்பமாட்டார். அடுத்து, எழுதுவோருக்கென்று அப்பத்திரிகை வகுத்துள்ள விதிகளை வரிவரியாகப் பின்பற்ற வேண்டும். தலைப்பு, சுருக்கம், முன்னுரை, செய்த முறை, கண்ட முடிவு, அதன் பொருள், மேற்கோள் நூல்கள் என்ற ஒழுங்கைப் பெரும்பாலான அறிவியல் பத்திரிகைகள் வேண்டுகின்றன. இவற்றுள் செய்த முறையே உயிர்நிலை. முன்பின் அறியாத ஒருவர் அதைப் படித்து, அதே வேலையை மீண்டும் செய்து பார்க்கக்கூடியதாக அது இருத்தல் வேண்டும்.

ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பலாகாது. பிறர் சொற்களைத் தம் சொற்களாகக் காட்டலாகாது. உழைத்தவர் பெயரை விடுவதும், உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதும் தவறு. திருத்தி அனுப்பும்போது ஒவ்வொரு வினாவையும் எழுதி, அதன் கீழ் மறுமொழியையும், கட்டுரையில் எவ்விடத்தில் மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் குறித்தனுப்புவது நன்று.

மதிப்பீட்டாளர் கூறுவதெல்லாம் வேதவாக்கோ எனில், அன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோவில் பேராசிரியராக விளங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1952 முதல் 1971 வரை வான இயற்பியலின் தலைசிறந்த பத்திரிகையொன்றை நடத்தி வந்தார். சூரியனிலிருந்து ஓயாது ஒரு காற்று வீசுகிறது என்று யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவரும் வேண்டா என்றனர். சந்திரசேகருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை எதுவும் காணப்படாமையால் 1958இல் அதை வெளியிட்டார். நான்காண்டுகளில் மாரினர்-2 என்ற விண்கலம் அக்காற்று உண்மை என்று காட்டிற்று. ஆதலின், மதிப்பீட்டாளர் பிழைபடக் கூறியிருப்பின், காரணங்காட்டிப் பணிவுடன் மறுத்துரைக்கலாம். கோபித்தெழுதுவதில் பயனில்லை.

இனி, அந்தப் பதினைந்தாயிரத்துக்கு வருவோம். பணம் கேட்கும் பத்திரிகைகள் எல்லாம் மோசடி என்று நாம் கூறவில்லை. யாவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியிடும் நல்ல பத்திரிகைகள் சில, கட்டுரையை ஏற்ற பின் எழுதியவரிடம் கட்டணம் பெறுவதுண்டு. வசதியற்றோருக்கு அவற்றுட் பல விலக்கும் அளிக்கின்றன. எழுதுவோரிடம் ஒரு காசும் வாங்காத பத்திரிகைகளும் மிகப் பல. ஆனால், கட்டுரையைப் படிக்கு முன்பே 'ஏழு நாளில் வெளியிடுவோம்' என்று உறுதி கூறுபவர் அதைப் படிக்கப் போவதில்லை. பணம் போவதோடும் அது நிற்பதில்லை. ஓரிடத்தில் வெளியான கட்டுரையைப் பிற பத்திரிகைகள் ஏற்கமாட்டா. இரண்டு பருவத்து உழைப்பு, மதிப்பற்ற ஓரிடத்தில் முடங்கிவிடும்.

அவசரம் வேண்டா என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது. எனினும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கலாம்; அதைக் கேட்டறிதல் வேண்டும். நல்ல பத்திரிகைகளின் பட்டியலொன்றை 2019 முதல் பேணிவந்த அக்குழு, 2025இல் அதையும் கைவிட்டது. ஆகவே நல்லதையும் போலியையும் பிரித்தறியும் பொறுப்பு இப்போது மாணவர் மீதும் அவர்தம் ஆசிரியர் மீதும் விழுந்துள்ளது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார் மகளைப் பார்த்தார். "முத்தாத காயை நாங்க செடியிலேயே விட்டுட்டு அடுத்த சுத்துக்கு வந்து எடுப்போமே, அந்த மாதிரியா ஐயா?" என்று கேட்டார். நாம் ஒரு மணி நேரம் கூறியதை அவர் ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டார். ஏலக்காயை ஒரே சுற்றில் எடுத்து முடிப்பவர் நம்மில் எவருமிலர்.

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் உழைத்தாள். பதினொரு வினாக்களுள் ஒன்பதுக்கு விடை நோட்டில் இருந்தது. ஒன்றுக்கு இல்லை, இல்லை என்றே ஒளிக்காமல் எழுதினாள். மற்றொன்றில் மதிப்பீட்டாளர் கருத்தை மறுத்துக் காரணம் காட்டினாள். திருத்திய கட்டுரை சென்ற வாரம் சென்றிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. எதுவாக வரும் என்று நாம் சொல்லவும் இயலாது. சீட்டுப் பணம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கடிதம் உங்கள் இல்லத்துக்கும் வருமாயின், பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், பணத்தையும் கட்டிவிடாதீர்கள். முதலில் அதைப் பிள்ளையின் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். கேட்க ஆளில்லையெனில் ஞாயிறு மாலையில் வாசகசாலைக்கு எடுத்து வாருங்கள். உடனிருந்து படித்துத் தருவோம்.