எரிமலை கிடார் வாசிக்காது!

ஐஸ்லாந்து இசையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். அங்கே எரிமலை இருக்கிறதாம், பனிப்பாறை இருக்கிறதாம், குளிர்காலத்தில் பகல் என்பதே நாலைந்து மணி நேரம்தானாம், வானத்தில் பச்சை ஒளி ஆடுகிறதாம்... அதனால்தான் அந்தக் குட்டி நாட்டிலிருந்து இவ்வளவு நல்ல இசைக்குழுக்கள் வருகின்றனவாம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தப் பேத்தல். எரிமலை போதுமென்றால் இந்தோனேசியாவின் ராக் குழுக்கள் உலகத்தை ஆண்டுகொண்டிருக்க வேண்டும். பனியும் இருட்டும் போதுமென்றால் கிரீன்லாந்துதான் உலக இசைத் தலைநகரம். எரிமலைக்கு வெடிக்கத் தெரியும், கிடார் வாசிக்கத் தெரியாது.

இந்தப் பேத்தலால் ஒரு நஷ்டமும் இருக்கிறது. "அது அந்த மண்ணின் மாயம்" என்று சொல்லிவிட்டால் மற்ற சின்ன நாடுகள் எதுவுமே செய்ய வேண்டாம் பாருங்கள். நமக்கு அந்த மண் இல்லை, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். உண்மையில் ஐஸ்லாந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. காசு போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது, விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தது. மாயத்தை விட்டுவிட்டு ரசீதைப் பார்ப்போம்.

முதலில் சாதனைக் கணக்கு. இன்றும் நாலு லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை கொண்ட நாடு அது. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகரம். அங்கிருந்து 1980-களில் சுகர்க்யூப்ஸ் வந்தது. அதில் பாடிய பியோர்க் 1993-க்குப் பிறகு தனியாக உலகம் சுற்றினார். 1999-ல் சிகுர் ரோஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டார்கள். ஐஸ்லாந்து மொழியில் பாடிய அந்த ஆல்பத்துக்கு 2001-ல் அமெரிக்காவின் ஷார்ட்லிஸ்ட் பரிசு கிடைத்தது. ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் குழுவின் முதல் ஆல்பம் 2012-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. மூம் குழுவோடு வாசித்த செல்லோ கலைஞர் ஹில்தூர் குட்னடோட்டிர் 'ஜோக்கர்' படத்துக்காக 2020-ல் ஆஸ்கர் வாங்கினார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் சொல்லும்: "திறமை இருந்தா தானா வெளிய வரும் சார். அரசாங்கம் ஏன் பாட்டுக்காரனுக்குக் காசு கொடுக்கணும்?"

தானா வருமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

2012-ல் ஆஸ்கெய்ர் என்ற இளைஞரின் முதல் ஆல்பம் ஐஸ்லாந்தில் வந்தது. நாட்டில் பத்துப் பேரில் ஒருவரிடம் அது இருந்தது என்று அப்போது உலகப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. பத்தில் ஒருவர்! இதற்கு மேல் ஒரு ஹிட் எங்கேயும் கொடுக்க முடியாது. ஆனால் அன்றைய மக்கள்தொகை சுமார் மூன்றே கால் லட்சம். பத்தில் ஒன்று என்றால் 32,000 பிரதிகள். அதாவது சரித்திரத்தில் ஒருமுறை நடக்கிற வெற்றியின் உச்சவரம்பே அவ்வளவுதான். மற்ற குழுக்களின் கதி என்ன? இருநூறு பேரில் ஒருவர் வாங்கினால் 1,600 பிரதிகள். ஸ்டூடியோ வாடகை, ஒலிப்பொறியாளர் சம்பளம், மைக், டிரம்ஸ் எதுவுமே "சின்ன நாட்டுக்காரன்" என்று விலை குறையாது. காமர்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நிலையான செலவு அதேதான், அதைப் பங்கிட்டுக்கொள்ளும் பிரதிகள்தான் குறைவு. சின்ன நாட்டு இசைக்குழு உள்ளூரில் மட்டும் விற்று முதலை எடுக்கவே முடியாது. ஏற்றுமதி அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, பிழைப்பு.

சரி, ஏற்றுமதி பண்ணலாம் என்றால்? லண்டனில் இருக்கிற குழு ஒரு பழைய வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மான்செஸ்டர், லீட்ஸ், கிளாஸ்கோ என்று ஊர் ஊராகப் போய் வாசித்துப் பழகலாம். ரெய்க்யவிக் குழு வேனை எடுத்தால் அக்குரேரி வரை போகலாம். அதற்கப்புறம் அட்லாண்டிக் சமுத்திரம்தான் :-) வெளிநாட்டில் அவர்களுடைய ஒவ்வொரு கச்சேரியும் விமான டிக்கெட்டில் தொடங்குகிறது. டிரம்ஸுக்குக் கூடுதல் சுமைக் கட்டணம் வேறு. அமெரிக்கா போவதென்றால் கலைஞர் விசா. அதற்கான வழக்கமான மனுக் கட்டணம் 460 டாலராக இருந்தது. 2024 ஏப்ரலில் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்க ரசிகன் பெயரைக்கூடக் கேட்டிராத குழு, முதல் டாலரைப் பார்ப்பதற்கு முன்பே இதையெல்லாம் கட்ட வேண்டும். இந்தச் சுவரைத் திறமை 'தானாக' எப்படித் தாண்டும்? அதற்கென்ன இறக்கையா இருக்கிறது?

இனி ஐஸ்லாந்து என்ன செய்தது என்று பார்ப்போம்.

ஒன்று, பள்ளிக்கூடம். 1960-களிலிருந்தே இசைப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரச் சட்டம் போட்டார்கள். பெரிய ஊர் மட்டுமல்ல, மீன்பிடி கிராமத்திலும் இசைப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் உள்ளாட்சிப் பணத்திலிருந்து. மீனவர் வீட்டுப் பிள்ளை டிரம்பெட் வாசிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் பனிப்பாறை இல்லை, பஞ்சாயத்து பட்ஜெட்.

இரண்டு, முதல் மேடை. 1982 முதல் 'மூசிக்தில்ரவ்னிர்' என்று இளைஞர் குழுக்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது. பரிசாகக் கிடைப்பது வெறும் கோப்பை இல்லை. ஸ்டூடியோவில் பதிவு செய்ய நேரம். புதுக் குழுவுக்கு எது தேவையோ அது.

மூன்று, ஆள் வரவழைப்பது. 1999-ல் ரெய்க்யவிக் விமான நிலையத்தின் விமானக் கொட்டகை ஒன்றில் 'ஐஸ்லாந்து ஏர்வேவ்ஸ்' விழா தொடங்கியது. ஐஸ்லாண்ட்ஏர் விமான நிறுவனமும் இதில் பங்கு. சுற்றுலாப் பயணிகள் வராத குளிர்மாதத்தில் காலி இருக்கைகளை நிரப்ப அவர்களுக்கு ஒரு வழி. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் இசை நிறுவன ஆட்களும் வந்து இறங்க இசைக்குழுக்களுக்கு ஒரு வழி. குழு உலகத்தைத் தேடிப் போவதற்குப் பதில் உலகத்தை ஊருக்குக் கூப்பிட்டார்கள்.

நான்கு, டிக்கெட். வெளிநாட்டில் வாசிக்கப் போகும் குழுக்களின் விமானச் செலவுக்கு 'லோஃப்ட்ப்ரூ' என்று ஒரு நிதி வைத்தார்கள். பெயரின் பொருளே 'ஆகாயப் பாலம்'. 2000-களின் நடுவில் இசை ஏற்றுமதிக்கென்றே ஓர் அலுவலகமும் வந்தது. 2016-ல் இயற்றிய ஒரு சட்டம், நாட்டில் செய்யும் இசைப்பதிவுச் செலவில் 25 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. நன்றாகக் கவனியுங்கள், மீதி 75 சதவீதத்தை யாரோ நம்பிக்கையோடு முதலில் செலவழித்திருக்க வேண்டும். இது தானதர்மம் இல்லை. எந்தத் தொழிலுக்கும் தருகிற ஊக்கத்தொகைதான்.

இந்த நாலும் கோர்த்து வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமா? ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் 2010-ல் அந்தப் போட்டியில் ஜெயித்தார்கள். அதே ஆண்டு ஏர்வேவ்ஸ் சமயத்தில் ஊருக்கு வந்திருந்த சியாட்டில் வானொலி கே.இ.எக்ஸ்.பி. அவர்களை ஒரு வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியா வானொலி ஒன்று பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. அதற்கடுத்த ஆண்டு பில்போர்டு ஆறாம் இடம். பாட்டு அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. ஆனால் அந்த வானொலிக்காரரை அந்த வரவேற்பறைவரை கொண்டுவந்து சேர்த்தது யார்?

இப்போது எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருவோம். "சுகர்க்யூப்ஸுக்கு எந்த அரசு உதவியது?" உண்மை, உதவவில்லை. 1986-ல் ரீகனும் கோர்பசேவும் ரெய்க்யவிக்கில் சந்தித்தபோது, அந்தச் சந்திப்பைக் கிண்டலாக வைத்து ஒரு அஞ்சலட்டை அச்சடித்து விற்று, அந்தக் காசில்தான் 'ஸ்மெக்லேசா' என்ற அவர்களுடைய கூட்டமைப்பு முதல் தட்டைப் போட்டது. அருமையான கதை. ஆனால் இதிலிருந்து என்ன பாடம்? ஒவ்வொரு புதுக் குழுவும் தட்டு போடும்போது இரண்டு வல்லரசுத் தலைவர்கள் ஊருக்கு வந்து இறங்க வேண்டுமா? அதோடு அந்தக் கதையில் இன்னொரு வரி விட்டுப்போகிறது. அவர்களில் சிலர் அதற்கு முன்பே 'குக்ல்' என்ற குழுவாக இங்கிலாந்தின் கிராஸ் நிறுவனத்தில் தட்டு போட்டவர்கள். அந்தப் பழக்கத்தில் கிடைத்த லண்டன் நண்பர்தான் பிறகு சுகர்க்யூப்ஸை வெளியிட்டார். தானாக வந்ததில்லை. தெரிந்த ஆள் இருந்தார். தெரிந்த ஆள் இல்லாதவனுக்கும் அந்தக் கதவு திறக்கட்டும் என்பதுதான் பொது உதவியின் அர்த்தமே.

"தானா வரும்" என்பதற்கு மனிதர்கள் கொடுத்த விலையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு சின்னத் தீவு நாட்டுக்குப் போங்கள். கேப் வெர்தேயின் செசாரியா எவோரா மிண்டெலோ மதுக்கடைகளில் பாடினார். பிழைக்க முடியாமல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பாடுவதையே விட்டார். பாரிஸில் இருந்த ஜோசே த சில்வா என்ற ஒரே ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்ததால் 1988-ல் அங்கே அவருடைய ஆல்பம் வந்தது. அப்போது அவருக்கு வயது 47. 2004-ல் கிராமி விருது. இதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள், அந்த மௌனமான பத்து ஆண்டுகளில் பாடாமல் போன பாட்டுகளை யார் கணக்கில் எழுதுவார்கள்? ஜோசே த சில்வா கிடைக்காத மற்ற எவோராக்களை யார் எண்ணுவார்கள்?

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். பொப் இசைச் சக்கரவர்த்தி ஏ.ஈ.மனோகரன் பாடிய 'சுராங்கனி' தெரியாத தமிழன் உண்டா? 2021-ல் யொஹானி பாடிய 'மெனிக்கே மகே ஹிதே' இந்தியாவையே ஆட வைத்து, அடுத்த ஆண்டு இந்திப் படத்துக்குள்ளும் போனது. இரண்டுக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். பாட்டு கடல் தாண்டியது; பின்னால் வரும் குழுக்கள் நடந்துபோக ஒரு பாலம்? லாட்டரியில் ஒருவருக்குப் பரிசு விழுவதைப் பொருளாதாரக் கொள்கை என்று யாரும் சொல்வதில்லை. இசையில் மட்டும் ஏன் சொல்கிறோம்?

"ஆஸ்பத்திரிக்கே காசில்லாத நாட்டில் பாட்டுக்குக் காசா?" நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை மீன் ஏற்றுமதிக்குச் சலுகை தரும்போதோ, துணி ஆலைக்கு வரிவிலக்கு தரும்போதோ யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தர 1957-லிருந்தே அரசு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் சரக்கு விற்கப் போகிறவனுக்கு ஆபத்து அதிகம், அதைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்வோம் என்பதுதானே அதன் தத்துவம்? கிடார் பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆனால் உதவி என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஐஸ்லாந்தும் இங்கே சறுக்கியிருக்கிறது. 2010-ல் எரிமலை வெடித்துச் சுற்றுலா படுத்தபோது, அரசும் நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த விளம்பரப் படத்தில் ஓடியது எமிலியானா டோரினியின் பாட்டு. அந்த ஆண்டு சுமார் ஐந்து லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2018-ல் 23 லட்சத்தைத் தொட்டது. பயணிகள் வந்தால் ஹோட்டல் வேண்டும். ஹோட்டல் கட்ட நகர மையத்தில் இடம் வேண்டும். ரெய்க்யவிக்கின் பெரிய ராக் அரங்கமான 'நாசா' 2012-ல் மூடப்பட்டது. இசைக்கலைஞர்கள் கத்தினார்கள், எதிர்த்தார்கள். இன்று அந்த இடத்தில் ஹோட்டல் நிற்கிறது. இசை கூட்டி வந்த விருந்தாளிக்குப் படுக்கை போட இசைக்காரனின் மேடையைப் பிடுங்கினார்கள்! ஒரு நாட்டின் இசையைச் சுற்றுலாத் துறையின் விசிறியாக மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே உதவி செய்ய நினைக்கிற எந்தச் சின்ன நாட்டுக்கும் நாலு வரி போதும். பொன்னாடையும் கேடயமும் வேண்டாம்; டிக்கெட்டும் ஸ்டூடியோ நேரமும் கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை அமைச்சர் முடிவு செய்ய வேண்டாம். இசை தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். எந்த மொழியில் பாடுவது என்று நிபந்தனை போடாதீர்கள். சிகுர் ரோஸ் அர்த்தமில்லாத தங்கள் சொந்த மொழியில்கூடப் பாடித்தான் ஜெயித்தார்கள். கடைசியாக, நூறு பேர் நின்று கேட்கிற சின்ன மேடைகளை இடிக்க விடாதீர்கள்.

இதையெல்லாம் செய்தால் எல்லாக் குழுவும் ஜெயிக்குமா? ஜெயிக்காது. பத்துக் கடை திறந்தால் பத்தும் ஓடுவதில்லையே. ஆனால் தோற்கிற குழு பாட்டு சரியில்லாமல் தோற்கட்டும். டிக்கெட் வாங்கக் காசில்லாமல் தோற்கக் கூடாது.