தறி ஓடுது, லேப்டாப் ஓடக்கூடாதாம்!

எங்க ஆரணியில தாத்தா காலத்துத் தறி இன்னைக்கும் ஓடுது. புது டிசைன் வேணும்னா ஜக்கார்டு அட்டையைத்தான் மாத்துவாங்க. தறியைத் தூக்கிப் போட மாட்டாங்க. லேப்டாப்புக்கு மட்டும் ஏங்க வேற நியாயம்?

2021-ல் வந்த விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின சிப்புகளைப் பெரும்பாலும் ஒதுக்கிடுச்சு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு. பழைய மாடலுக்கு டிரைவர் கேட்டா, "புதுசு வாங்கிக்கோங்க"ங்கறதுதான் பதில்.

2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்தான் இங்க பல நெசவாளர் வீட்டுல முதல் கம்ப்யூட்டர். கூலியை நம்பி இருக்கறவங்க இன்னொண்ணு வாங்கறது லேசா?

என்னைக் கேட்டா, மெஷின் ஓடற வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தரணும். முடியலையா, ஹார்டுவேர் விவரத்தையாவது வெளியிடுங்க. லினக்ஸ் ஆளுங்க மிச்சத்தைப் பாத்துப்பாங்க.

என்ன மக்களே, நான் கேக்கறது ரொம்ப அதிகமா?